மணல்மேல் ஏடு

“நாலு மாசமா இலை பொறுக்குறேன். இதுவரை ஒரு வார்த்தை உபதேசம் இல்லை” என்றார் ஆவுடையப்பன்.

திரவியக்கனி வாய்க்காலில் நின்ற கம்பிவலையைத் தூக்கித் தட்டினாள்.

இலை. சுள்ளி. ஒரு ரப்பர் செருப்பு.

“ஒத்தைச் செருப்பு. இன்னொண்ணு நாளைக்கு வரும்” என்றாள்.

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“வலையில சிக்கலை. அடுத்த தொட்டியில பாப்போம்.”

ஆவுடையப்பனுக்கு அறுபத்தொரு வயது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மனசு தெளிய வேண்டும் என்று மூன்று மடம் ஏறி இறங்கியவர். ஒரு மடத்தில் மூச்சை அடக்கச் சொன்னார்கள். அடுத்ததில் பேச்சை. மூன்றாவதில் பசியை. எல்லாவற்றையும் அடக்கிப் பார்த்தார். தெளியவில்லை.

மூன்றாவது மடத்துச் சமையல்காரர்தான் வழி சொன்னார்.

“சுனையடிப்பட்டியில ஒரு பொம்பளை தண்ணி தெளிய வைக்கா. அங்க போய் இரும்.”

வந்துவிட்டார்.

மலையடிவாரத்தில் ஊராட்சியின் பில்டர் ஹவுஸ். மேலே இருந்து ஓடைத் தண்ணீர் வரும். அதைச் சுத்தம் பண்ணி முந்நூறு வீட்டுக் குழாய்க்கு அனுப்ப வேண்டும். திரவியக்கனி பதினெட்டு வருஷமாக அனுப்புகிறாள். நாற்பத்துநாலு வயது. காவி கிடையாது. யாருக்கும் விபூதி கொடுத்ததும் கிடையாது.

முதல் நாள் ஆவுடையப்பன் அவள் காலில் விழப் போனார்.

“பாத்து. வழுக்கும்” என்றாள்.

எதற்கு வந்தீர் என்று அவள் கேட்கவில்லை. விளக்குமாற்றைக் கொடுத்தாள்.

அவர் அவளை அம்மா என்றார். அவள் அவரை வாத்தியாரையா என்றாள். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று ஊருக்கு விளங்கவில்லை.

*

“சரி, நடங்க” என்றாள் திரவியக்கனி. “தண்ணி போற வழியிலேயே போவோம்.”

போனார்கள்.

“வலை எதைப் பிடிக்கும்?”

“இலையை.”

இரண்டாவது தொட்டி அகலமானது. தண்ணீர் அதில் நகர்வதே தெரியாது.

“இது?”

“சேற்றை. தண்ணீர் நின்றால் சேறு கீழே போய்விடும்.”

“ஓடினா?”

“கூடவே ஓடும்.”

“பரவாயில்லையே. மடத்துல ஏதோ சொல்லித் தந்திருக்காங்க.”

மூன்றாவது, மணல் தொட்டி. அது இரண்டு இருந்தது, பக்கத்தில் பக்கத்தில். மேலே இடுப்பளவு தண்ணீர், கீழே இடுப்பளவு மணல். தண்ணீர் மணலுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிப் போகும்.

“இது எதைப் பிடிக்கும்?”

“கண்ணுக்குத் தெரியாத அழுக்கை.”

“பிடிக்கது எது?”

“மணல்.”

“மணல் இல்லை.”

“பின்னே?”

“பாத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு வால்வைத் திருகப் போய்விட்டாள்.

ஆவுடையப்பன் பார்த்தார். மணலின் மேல் பழுப்பும் பச்சையுமாக ஒரு படலம். வழவழவென்று கிடந்தது. முகம் சுளித்தார். முந்நூறு வீட்டுக்காரர்கள் குடிக்கிற தண்ணீருக்குள் இப்படி ஒரு அசிங்கமா.

சொல்லவில்லை. குருவிடம் எப்படிச் சொல்வது.

*

ஆவணியில் திரவியக்கனியின் மகளுக்குப் பேறுகாலம். பத்து நாள் தூத்துக்குடிக்குப் போக வேண்டும்.

“வலையைத் தட்டுங்க. வால்வை மூணு மணிக்கு ஒரு சுத்து குறைங்க. ஒரு தொட்டியில வேலைன்னா மத்ததைத் திறந்து விடுங்க. வேற உங்க இஷ்டம்.”

“சரிம்மா.”

பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“ஏட்டுல மட்டும் கை வச்சிராதீங்க.”

ஆவுடையப்பனுக்கு மெய் சிலிர்த்தது. நாலு மாதத்தில் முதல் உபதேசம்.

நேரே உள்ளே போனார். மேஜைமேல் பில்டர் ஹவுஸ் பதிவேடு இருந்தது. தண்ணீர் மட்டம், வால்வு நேரம் எல்லாம் அதில்தான் எழுதுவார்கள். கை படாமல் துண்டால் எடுத்தார். அந்தத் துண்டிலேயே சுற்றினார். அலமாரியின் மேல் தட்டில் வைத்துக் கும்பிட்டார்.

பத்து நாளும் அதில் ஒரு எழுத்து எழுதவில்லை. பக்கத்தில் போகவும் இல்லை.

முதல் நாளே, சுவரில் தொங்கிய சுரண்டியை எடுத்தார்.

முதல் தொட்டித் தண்ணீரை வடித்தார். படலத்தைச் சுரண்டினார். அடியிலும் கொஞ்சம் பழுப்பு இருந்தது. அதையும் சுரண்டினார். மணலை அள்ளி அள்ளிக் கழுவினார். மூட்டையில் இருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். மறுபடி கழுவினார். நாலு நாள். முதுகு விட்டுப்போயிற்று.

தண்ணீர் விட்டார். பளிச்சென்று இருந்தது.

பிறகு இரண்டாவது தொட்டி. அதற்கு மூன்று நாள்தான் ஆனது. கை பழகிவிட்டது.

*

திரவியக்கனி பஸ்ஸைவிட்டு இறங்கிப் பையோடு நேரே வந்தாள்.

“பேரனா, பேத்தியா?” என்றார் ஆவுடையப்பன்.

“பேத்தி. ஊருக்குள்ள அஞ்சு வீட்டில வயித்தால போகுதாமே. செண்பகத்தோட கைப்பிள்ளையை ஆஸ்பத்திரியில சேத்திருக்காம். பஸ்ஸுல சொல்லுதாங்க. என்ன நடந்துச்சு?”

“தெரியலையே. நம்ம தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. வந்து பாருங்க.”

தொட்டியோரம் வந்தாள்.

மணல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. இரண்டு தொட்டியிலும். தண்ணீருக்குள் வெயில் அடிவரை போயிற்று.

அவள் பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

ஆவுடையப்பன் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினார். தெளிந்த தண்ணீர். அவள் வாங்கினாள். குடிக்கவில்லை. தரையில் கொட்டினாள்.

“ஏட்டுல கை வைக்காதீங்கன்னு சொன்னேனே.”

“வைக்கலைம்மா. சத்தியமா. துண்டுல சுத்தி அலமாரியில வச்சிருக்கேன்.”

“எதை?”

“ஏட்டை. பதிவேட்டை.”



“அதை நான் என்னைக்காவது ஏடுன்னு சொல்லியிருக்கேனா? நோட்டுன்னுதானே சொல்லுவேன்.”

அவர் யோசித்தார். ஆமாம். நோட்டு என்றுதான் சொல்வாள்.

“அப்போ ஏடு?”

“காய்ச்சின பாலை ஆறவச்சா மேலே என்ன படியும்?”

ஆவுடையப்பன் முப்பத்துமூன்று வருஷம் தமிழ் நடத்தியவர். ஏடு என்றால் ஓலை, ஏடு என்றால் பாலாடை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவர்.

“மணல்மேல படிஞ்சிருந்ததே, அதுவா?”

“அதேதான். உசிருள்ளது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கை அதுதான் திங்கும். மணல் சும்மா தாங்கிக்கிட்டு நிக்கும்.”

“நீங்களும் சுரண்டுவீங்களே? சுரண்டி தொங்குதே?”

“வருசத்துக்கு ரெண்டு தடவை. ரொம்பத் தடிச்சு தண்ணி இறங்கலைன்னா. விரல் கனத்துக்கு மேல எடுக்க மாட்டேன். ஒரு தொட்டியிலதான். மத்தது ஓடிக்கிட்டு இருக்கும்.”

“நான் ரெண்டையும்…”

“பவுடர் வேற போட்டிருக்கீங்க. வாடை வருது.”

“பழையபடி ஆக எவ்வளவு நாள் ஆகும்?”

“மூணு வாரம். கூடவும் ஆகலாம்.”

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

“நான் என்ன செய்யணும்?”

“வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க. கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்னு. ஏன்னும் சொல்லுங்க.”

“கோயில் மைக்கில் சொல்லிரலாமே. சீக்கிரம் முடியும்.”

“மைக்கில நான் சொல்லிருதேன், இப்பவே. நீங்க வீட்டுக்குப் போங்க. ஒவ்வொரு வீட்டுக்கும்.”

“அதான் நீங்க மைக்கில் சொல்லிருவீங்களே?”

“தொட்டியைச் சுரண்டினது மைக்கா?”

*

முதல் வீடு தையல்காரர் சுடலைமணியுடையது. மெஷினை நிறுத்தாமல் கேட்டார்.

“என்ன வாத்தியாரே?”

“தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க. மணல் தொட்டியை நான் கெடுத்துட்டேன்.”

“எப்படி?”

“ஏட்டுல கை வைக்காதேன்னு அம்மா சொன்னாங்க. நான் ஏடுன்னா நோட்டுன்னு நினைச்சுட்டேன்.”

மெஷின் நின்றது.

“என்னன்னு நினைச்சீங்க?”

“நோட்டுன்னு.”

“ஏட்டி, இங்க வா” என்று உள்ளே கூப்பிட்டார் சுடலைமணி. மனைவி வந்தாள். “வாத்தியாரே, இவகிட்டயும் சொல்லுங்க.”

சொன்னார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“தமிழ் வாத்தியார்தானே நீங்க?”

“ஆமா.”

“எத்தனாம் கிளாஸ் வரைக்கும்?”

“பத்தாவது வரைக்கும்.”

“நல்லவேளை. அதுக்கு மேல விடலை.”

இருவரும் சிரித்தார்கள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

பதினைந்தாவது வீட்டுக்கு அவர் போய்ச் சேருமுன் கதை போய்விட்டது. வாசலில் தயாராக நின்றார்கள். அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நின்றார்கள்.

சாயங்காலத்துக்குள் பேரும் வைத்துவிட்டார்கள். ஏட்டையா.

சுனையடிப்பட்டியில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. ஆனாலும் டீக்கடையில் ஒருத்தர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். “ஏட்டையா, ஊருக்குள்ள திருட்டுப் பயம் இருக்கா?” என்றார் இன்னொருத்தர்.

“தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க” என்றார் ஆவுடையப்பன்.

முதல் நாள் தொண்ணூறு வீடு. இரண்டாம் நாள் நூற்றிருபது. மூன்றாம் நாள் மிச்சம்.

ஒரு வீடு மட்டும் பூட்டியிருந்தது. செண்பகத்தின் வீடு.

*

ஆஸ்பத்திரி பத்து மைல். பஸ்ஸில் போனார்.

செண்பகம் கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு எட்டு மாதம். கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது.

“யாரு?”

“மணல் தொட்டியைக் கெடுத்தது நான்தான்மா. ஏடுன்னா நோட்டுன்னு நினைச்சுட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை.

அவர் நின்றார். அவள் ஏதாவது சொல்லட்டும் என்று நின்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“டாக்டர் என்ன சொல்றார்?” என்றார் கடைசியில்.

“நாளைக்குத்தான் சொல்ல முடியுமாம்.”

பிள்ளை முனகியது. அவள் அதன் உதட்டை ஈரத்துணியால் துடைத்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

“வீட்டுச் சாவி எதிர்வீட்டில இருக்கு. குடத்துல இருக்க தண்ணியைக் கொட்டிட்டுக் கொதிக்க வச்ச தண்ணி ஊத்தி வைங்க. தினம் மாத்துங்க. நாங்க என்னைக்கு வருவோமோ.”

“சரிம்மா.”

“குடத்தைத் தேய்ச்சுக் கழுவுங்க. அதையாவது.”

தினமும் மாற்றினார். காலையில் விறகு பொறுக்கி, கொதிக்க வைத்து, ஆறவைத்து, குடத்தில் ஊற்றி, மூடிவைத்துவிட்டு வருவார். முந்தின நாள் தண்ணீரை அந்த வீட்டு முருங்கைக்கு ஊற்றுவார்.

ஏழாம் நாள் அவர் குடத்தோடு போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நல்ல சத்தம். தெரு முழுக்கக் கேட்டது.

செண்பகம் குடத்தை வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்கும் வேணும்” என்றாள்.

“கொண்டாறேன்.”

*

மற்ற நேரமெல்லாம் தொட்டியோரம்தான்.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மணல் வெள்ளையாகவே கிடந்தது. அந்த வெள்ளையைப் பார்க்க அவருக்கு வெறுப்பாக இருந்தது.

பத்தாம் நாள் ஒரு மூலையில் லேசான பழுப்பு.

“அம்மா, இங்க வாங்க.”

திரவியக்கனி வந்து குனிந்து பார்த்தாள்.

“ம்.”

“அதுதானே?”

“அதுதான். உங்க நிழல் விழுது, தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றார். அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.

பதினைந்தாம் நாள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பஸ்ஸில் சோதனைக்கு அனுப்பினார்கள். சரியில்லை என்று சீட்டு வந்தது. இருபதாம் நாள் இன்னொரு பாட்டில். இன்னும் கொஞ்சம் என்று வந்தது. பழுப்பு பரவிக்கொண்டிருந்தது. நடுவில் பச்சை சேர்ந்தது.

இருபத்தாறாம் நாள் மூன்றாவது சீட்டு வந்தது.

திரவியக்கனி படித்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.

“போய்ச் சொல்லுங்க. இனி அப்படியே குடிக்கலாம்.”

“வீடு வீடாவா?”

“இதுக்கு மைக் போதும். உங்களுக்குக் கால் வலிக்கும்.”

அவர் வீடு வீடாகத்தான் போனார். மூன்று நாள் ஆயிற்று. ஏட்டையா வந்துட்டாரு என்று எல்லா வீட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். குழாயிலிருந்து பிடித்து, அவர் கண்முன்னாலேயே. குடித்துக் காட்டச் சொன்னார்கள். முதல் நாளிலேயே வயிறு உப்பிவிட்டது.

*

நாலாம் நாள் திரவியக்கனி மணல் தொட்டித் திண்டில் உட்கார்ந்து, சுரண்டிக் காம்பில் ஆடிக்கொண்டிருந்த ஆணியைத் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் எதிரே வந்து நின்றார்.

“நான் எதுக்கு வந்தேன்னு நீங்க கேக்கவே இல்லை.”

“சொல்லுங்க.”

“ஒன்பதாம் கிளாஸ்ல பூரணம்னு ஒரு பொண்ணு. மழையைப் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னேன். ‘எங்க வீட்டில் மலை ஒழுகும்’னு எழுதியிருந்தா. மழைக்கு மலைன்னு போட்டுட்டா.”

“சரி.”

“அவளை எழுந்து நிக்க வச்சு, சத்தமா வாசிச்சேன். மலை ஒழுகினா எந்தப் பாத்திரத்தை வைப்பேன்னு கேட்டேன். கிளாஸ் முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.”

திரவியக்கனி தட்டுவதை நிறுத்தினாள்.

“மறுநாள் அவ வரலை. ஒரு வாரம் பாத்துட்டு வீட்டுக்குப் போனேன். தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பிட்டாங்க. கூரை நிஜமாவே ஒழுகிக்கிட்டு இருந்துச்சு.”

“பிறகு?”

“கூப்பிட்டேன். வரலை. அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் ஆச்சு. கண்ணை மூடினா அவ நிக்கிறா. இதைத்தான் கழுவணும்னு மடம் மடமா அலைஞ்சேன்.”

ஓடைத் தண்ணீர் வலையில் விழுகிற சத்தம் கேட்டது.

“அதுக்கப்புறம் யார் தப்பையாவது சத்தமா வாசிச்சீங்களா?”

“இல்லை.”

“ஒருத்தர் தப்பைக்கூடவா?”

“ஒண்ணுகூட இல்லை. வாசிக்க வாயெடுத்தா அவ முன்னால வந்து நிப்பா. நோட்டைத் திருத்தி, மடிச்சு, கையில கொடுத்துருவேன். போகப் போக மத்த வாத்தியார்கிட்ட மறைக்கற தப்பையெல்லாம் எங்கிட்டதான் கொண்டுவருவாங்க. கணக்குல போட்ட தப்பைக்கூட.”

“எத்தனை பிள்ளைங்க இருக்கும்?”

“யார் எண்ணினா. ஆயிரம் இருக்கும்.”

திரவியக்கனி எழுந்தாள். சுரண்டியைக் கையில் எடுத்தாள். தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள். கூராகத்தான் இருந்தது.

“அதையும் சுரண்டிருவமா?” என்றாள்.

அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

ஆவுடையப்பன் பாய்ந்து சுரண்டியின் காம்பைப் பிடித்துக்கொண்டார்.